மலர்க்கொடியின் லாரிக்கு ஒரு ஃபேன்

வாத்தலையைத் தாண்டியதும் லாரியின் முன்பக்கத்தில் ஏதோ முறிந்து இரும்பில் மோதும் சத்தம் கேட்டது. மலர்க்கொடி வண்டியை ஓரங்கட்டுவதற்குள் முன்கண்ணாடி முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. இறங்கி மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ரேடியேட்டருக்குப் பின்னால் சுற்றும் ஃபேனின் இறக்கை ஒன்று உடைந்து, ரேடியேட்டரை ஓரமாகக் கிழித்திருந்தது. கூலன்ட் கலந்த பச்சை நிறத் தண்ணீர் தார் ரோட்டில் வழிந்து மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

பின்னால் தொட்டியத்தில் ஏற்றிய பூவன் வாழைத் தார்கள். வெயில் ஏறுவதற்குள் காந்தி மார்க்கெட் மண்டியில் இறங்க வேண்டியவை. மண்டிக்குப் போன் செய்தாள். வேறொரு வண்டி அனுப்பினார்கள். அவளோடு வந்த சுமைக்காரர்கள் தார்களை மாற்றி ஏற்றிவிட்டு அந்த வண்டியிலேயே தொற்றிக்கொண்டார்கள்.

"வரோம்க்கா. பாத்து இருங்க" என்றார் அவர்களில் மூத்தவரான சின்னையன். அவளைவிட மூத்தவர்தான். லாரி ஓட்டுகிறாள் என்பதால் அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

வண்டியைக் கட்டி இழுக்க ஆள் வரும்வரை ஒரு புளியமரத்தின் கீழ் நின்றாள். வண்டி நின்றுபோனதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மண்டிக்குச் சொல்லியாயிற்று. மெக்கானிக்கிடம் சொல்லியாயிற்று. மகள் தேவதர்ஷினி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள்; வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மலர்க்கொடி போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். மண்டி, பஞ்சர் கடை, டீசல் பங்க், தொட்டியம் தோட்டம், பெட்டவாய்த்தலை தோட்டம். எல்லாம் வேலைக்கான பெயர்கள். போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அந்த லாரி அவளுடைய கணவன் சுரேஷ்குமார் ஓட்டியது. மகள் பத்தாவது படிக்கும்போது அவன் நாமக்கல் பக்கம் வேறொரு பெண்ணோடு குடித்தனம் வைத்துக்கொண்டான். சண்டை, கூச்சல் எதுவும் இல்லை. ஒருநாள் வந்து, வண்டியை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, துணிகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனான். விற்றுவிடச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அவள் விற்கவில்லை. ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் எடுத்து, வாழைக்காய் லோடு அடிக்க ஆரம்பித்தாள். முதல் வருஷம் மண்டியில் அவளைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். பிறகு பழகிப்போயிற்று. எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் லோடு இறங்கும் நேரத்தில் டிரைவர்கள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அரட்டையடிக்கும்போது, அவளுக்கு மட்டும் டீ கேபினுக்கே வந்துவிடும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அவளும் இறங்கிப் போய் உட்கார்ந்ததில்லை.

அரியமங்கலத்தில் இம்தியாஸின் பட்டறைக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். இம்தியாஸ் குனிந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

"ரேடியேட்டர அடைச்சுரலாம்க்கா. ஃபேனுதான் பிரச்சினை. இறக்கை மட்டும் போகல, அது உக்கார்ற தலையும் ஆடிப்போச்சு. இந்த மாடலுக்குப் புதுசு வர்றதில்ல. பழைய வண்டில கழட்டினதப் போடலாம், ஆனா அது எப்ப உடையும்னு சொல்ல முடியாது."

"வேற வழி இல்லையா?"

"எலக்ட்ரிக் ஃபேன் போட்டுக்கலாம். இப்ப இது இன்ஜின் சுத்துனா சுத்துது, நின்னா நிக்குது. எலக்ட்ரிக்னா பேட்டரில ஓடும். வண்டி மெதுவாப் போனாலும் நின்னாலும் காத்து இழுக்கும். ஆனா என்ன ஃபேனு, அத எது ஓட்டறது, அத நீங்க முடிவு பண்ணணும்."

"ரெண்டு விதம் இருக்கா?"

"ஒன்னு, சூடானா சுவிட்ச் தானா விழுந்து ஃபேனு முழு வேகத்துல ஓடும், ஆறினா நிக்கும். அவ்ளோதான். இன்னொன்னு கன்ட்ரோலர். சூடு ஏற ஏற வேகத்தக் கூட்டும், எறங்க எறங்கக் குறைக்கும். பெரிய ஃபேனு ஒன்னு போடலாம், சின்னது ரெண்டும் போடலாம். புலிவார்டு ரோட்டுல ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கு, போய்ப் பாத்துட்டு வாங்க. பாத்து வாங்கறதுதான் நல்லது. நான் ஒன்னு வாங்கிப் போட்டு, நாளைக்கு சரியில்லன்னா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

மேலப்புலிவார்டு ரோட்டில் அவன் சொன்ன கடையில் கூட்டமாக இருந்தது. கடைக்காரர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"டிரைவர் வரலீங்களா?"

"நான்தாங்க டிரைவர்."

அவர் சிரித்துவிட்டு மரியாதையாகவே சாமான்களை எடுத்துப் போட்டார். அட்டைப் பெட்டிகள் மேஜையில் அடுக்கப்பட்டன. எல்லாப் பெட்டிகளிலும் காற்றைப் பற்றிப் பெரிய பெரிய எண்கள். "இதுதாங்க நல்லா போகுது. காத்து அள்ளும்" என்று பெரிய ஃபேன் ஒன்றைக் காட்டினார். எவ்வளவு கரன்ட் எடுக்கும் என்று கேட்டாள். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் போடவில்லை. அதற்குள் வேறு ஆள் வந்துவிட, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். பெட்டிகளுக்கு நடுவே மலர்க்கொடி நின்றாள். இறக்கைகளை விரலால் சுற்றிப் பார்த்தாள். எல்லாமே சுற்றின. ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள்.

மூலத்தோப்பில் அவள் வீடு. வண்டி நிறுத்தும் காலிமனை அன்றைக்கு வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் "வண்டி எங்கக்கா?" என்றாள். "பட்டறைல" என்றாள் மலர்க்கொடி. இன்னும் ஏதாவது கேட்பாள் என்று ஒரு நொடி நின்றாள். அந்தப் பெண் மடித்த துணியோடு உள்ளே போய்விட்டாள்.

சோறு வடித்து, காலையில் வைத்த குழம்பைச் சூடாக்கினாள். சாப்பிடவில்லை. போனை எடுத்து சுரேஷ்குமாரின் எண்ணைத் தேடினாள். மகளுடைய படிப்பு, மகளுக்கு அம்மை போட்டது, இப்படி எதற்காவது மட்டும்தான் அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறாள். மகள் வேலைக்குப் போன பிறகு அதுவும் இல்லை. வண்டியைப் பற்றி அவனிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம் இருந்தது. இன்றைக்கு அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"மலரு? என்ன, பாப்பாவுக்கு எதாவதா?"

"அவ நல்லா இருக்கா. வண்டியப் பத்திதாங்க கேக்கணும். ஃபேனு உடைஞ்சு ரேடியேட்டரக் கிழிச்சிருச்சு."

"நீ எங்க இருக்க இப்ப? உனக்கு ஒன்னும் ஆகலையே?"

"வீட்டுலதான் இருக்கேன். எனக்கு ஒன்னும் இல்ல."

அவன் மூச்சு விட்டது கேட்டது. பிறகு கேள்விகள் வந்தன. எந்த இறக்கை, தலை ஆடுகிறதா, ரேடியேட்டரில் எத்தனை குழல் அடைக்க வேண்டியிருக்கிறது, டைனமோ பழையதா மாற்றியதா. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் குரலில் வேகம் கூடியது. வீட்டில் அவர்கள் ஒன்றாக இருந்த காலத்தில்கூட அவன் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அவள் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"எலக்ட்ரிக் போடறது சரிதான். ஆனா ஒரே பெரிய ஃபேனாப் போடு. சூடானா விழற சுவிட்ச் ஒன்னு போதும். கன்ட்ரோலர் கின்ட்ரோலர்னு போகாத."

"ஏங்க?"

"அது எலக்ட்ரானிக் சாமான். தண்ணி பட்டாப் போச்சு, சூடு பட்டாப் போச்சு. சுவிட்ச் போனா ஒயர நேரா முறுக்கிவிட்டு வீடு வந்து சேந்துரலாம். கன்ட்ரோலர் போனா என்ன பண்ணுவ? நீ ஒருத்தியாப் போற வண்டில."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"கிருஷ்ணகிரி மேட்டுல ஒருதடவ சூடு ஏறிச்சே, ஞாபகம் இருக்கா? நீயும் பாப்பாவும் கூட வந்திருந்தீங்க. மேடு தாண்டி ஓட ஆரம்பிச்சதும் காத்து பட்டுத் தானா எறங்கிருச்சு. அந்த வண்டிக்கு ஓட்டந்தான் மருந்து."

"இப்ப நான் அவ்ளோ தூரம் போறதில்லீங்க. தொட்டியம், முசிறி, பெட்டவாய்த்தலைதான். மார்க்கெட்டுக்குள்ளதான் ரொம்ப நேரம் நிக்குது."

"மார்க்கெட்டுல எவ்ளோ நேரம் நிக்கப் போற. அதெல்லாம் ஒன்னும் ஆகாது."

அப்போது அவன் பக்கத்தில் ஒரு சின்னப் பெண்குழந்தையின் குரல் கேட்டது. "அப்பா, தோசை ஆறுது." அவன் போனைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"சரி மலரு. என்ன போட்டேன்னு சொல்லு எனக்கு."

"சொல்றேங்க."

போன் காதில் சூடாக இருந்தது. அவனுக்கு ஒரு பெண் குழந்தை இருப்பது அவளுக்குத் தெரியும். அப்பாவைத் தோசைக்குக் கூப்பிடுகிற அளவு வளர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. எழுந்து தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவன் பேசியதையெல்லாம் மறுபடி ஒரு முறை மனதுக்குள் ஓட்டினாள். அவன் சொன்னதையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தபோது, அது நல்ல ஃபேன் என்பதால் மட்டும் முடிவு செய்யவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அவன் சொன்னதைப் போட்டால், போட்டாயிற்று என்று சொல்லலாம். ஓடுகிற விதத்தைச் சொல்லலாம். ஏதாவது கோளாறு என்றால் மறுபடி கேட்கலாம். நீங்கள் சொன்னதுதானே என்று கொஞ்சம் கோபித்துக்கொள்ளக்கூட உரிமை உண்டு.

மறுநாள் நேரே பட்டறைக்குப் போனாள். இம்தியாஸ் ரேடியேட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தான். பின்பக்கம் தகரக் கொட்டகையில் அவன் மனைவி ரிஃபானா இருந்தாள். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படித்தவள். பட்டறைக்கு வரும் வண்டிகளின் ஒயரிங் வேலை முழுக்க அவளுடையதுதான். ஆனால் வண்டிக்காரர்கள் இம்தியாஸிடமே பேசுவார்கள். மலர்க்கொடியும் அதுவரை அவளிடம் ஒரு சிரிப்புக்கு மேல் பேசியதில்லை.

"பெரிய ஃபேனு ஒன்னு, சுவிட்ச் ஒன்னு. அதான் போடப் போறேன். இம்தியாஸ்கிட்ட சொல்லிருங்க" என்றாள்.

ரிஃபானா தலையை நிமிர்த்தினாள். "கடைல வாங்கிட்டீங்களாக்கா?"

"இனிமேதான்."

"அப்ப ஒரு நிமிஷம் இருங்க."

மூலையில் கிடந்த ஒரு பழைய பெரிய ஃபேனை எடுத்து வந்து பலகையில் வைத்து இறுக்கினாள். பேட்டரி ஒன்றை இழுத்து, பக்கத்தில் ஒரு ஹெட்லைட்டையும் சேர்த்துக் கட்டினாள். ஒயரைச் சுற்றி மீட்டரைக் கவ்வவிட்டு, "லைட்டப் பாருங்க" என்று சொல்லி இணைப்பைக் கொடுத்தாள். ஃபேன் உதறிக்கொண்டு கிளம்பியது. அந்தக் கணத்தில் விளக்கு மங்கி, பிறகு தெளிந்தது. மீட்டரில் எண் எகிறி இறங்கியது.

"ஒவ்வொரு தடவ ஓட ஆரம்பிக்கும்போதும் இப்படி ஒரு இழு இழுக்கும். உங்க டைனமோ பழசு. ஓட்டத்துல தெரியாது. வண்டி நின்னு இன்ஜின் மெதுவா ஓடறப்ப தாங்காது. நின்னு நின்னு போறப்ப இது நிமிஷத்துக்கு ஒருதடவ விழுந்து விழுந்து எந்திரிக்கும்." அவள் இணைப்பைப் பிடுங்கினாள். "யாருக்கா இது போடச் சொன்னாங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"அவரு கூட வர்றாரா வண்டில?"

மலர்க்கொடி இல்லை என்று தலையசைத்தாள். ரிஃபானா மேலே கேட்கவில்லை. ஒரு ஸ்டூலைத் துடைத்து நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க. ஒரு லோடு எடுத்தா எங்கங்க போவீங்க, எங்க நிப்பீங்க, சொல்லுங்க."

அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. மலர்க்கொடி சொல்ல ஆரம்பித்தாள். தோட்டத்து மண்பாதையில் முதல் கியரில் ஊர்ந்து போவது. வரப்போரம் நிறுத்தி ஏற்றும்போது சில இடங்களில் பேட்டரி சரியில்லை என்று இன்ஜினை அணைக்காமலே வைத்திருப்பது. டோல்கேட் பக்கம் ரோடு நெரிவது. காவிரிப் பாலத்தில் நிற்பது. காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், வெயிலில், முன்னால் நிற்கும் வண்டியின் புகையைக் குடித்துக்கொண்டு நிற்பது. சொல்லும்போதுதான் அவளுக்கு ஒன்று புரிந்தது. சுரேஷ்குமார் சொன்னது பொய்யில்லை. அவன் ஓட்டிய லாரிக்கு அது சரி. அந்த லாரி நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் லாரி பாதி நாள் நிற்கிறது. இரண்டும் ஒரே வண்டிதான். அவன் போய் எத்தனையோ காலமாயிற்று.

"அப்ப ரெண்டு சின்ன ஃபேனு போடுங்கக்கா" என்றாள் ரிஃபானா. "ரேடியேட்டர் பூரா மூடற மாதிரி தகரத்துல ஒரு கூடு அடிச்சு அதுல உக்கார வெச்சுரலாம், காத்து வெளில ஓடாது. கன்ட்ரோலர் இருந்தா மொத ஒன்னு மெதுவா ஆரம்பிக்கும், உதறாது. சூடு ஏறினாத்தான் ரெண்டாவது. டைனமோவுக்கு நோகாது. எதுக்கும் அதையும் ஒருதடவ பிரிச்சுப் பாத்துருவோம்."

"நடு வழில கன்ட்ரோலர் போயிருச்சுன்னா? நான் ஒருத்தியாப் போறவ."

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து அவனுடைய குரலிலேயே வந்ததுபோல் இருந்தது. ரிஃபானா ஒரு பெட்டியைக் கிளறி சுவிட்ச் ஒன்றை எடுத்தாள்.

"தனியா ஒரு சுவிட்ச் போட்டுரலாம். கன்ட்ரோலர் என்ன சொன்னாலும் சரி, நீங்க தட்டினா ரெண்டு ஃபேனும் நேரா ஓடும். எங்க வெக்கட்டும்?"

மலர்க்கொடி இடது கையை நீட்டிக் காட்டினாள். கியரிலிருந்து கையை எடுத்தால் படுகிற இடம்.

மதியம் இருவரும் அதே கடைக்குப் போனார்கள். ரிஃபானா பெட்டியில் இருந்த எண்களைப் பார்க்கவே இல்லை. ஃபேனைப் பின்பக்கம் திருப்பி மோட்டாரைப் பார்த்தாள், இறக்கை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று பார்த்தாள். "இழுக்கறதா தள்ளறதா பாத்து வாங்கணும்க்கா. நம்மளது பின்னாடி உக்காந்து இழுக்கறது." திரும்பும் வழியில் பாலக்கரையில் இறங்கி எலுமிச்சை ஜூஸ் குடித்தார்கள். ரிஃபானாவுக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வந்துவிட்டார்கள், மாமியாருக்கு மாத்திரை எங்கே இருக்கிறது, இம்தியாஸுக்கு ஸ்பேனர் காணோம். ஒவ்வொரு முறையும் "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டுப் பேசினாள். மலர்க்கொடி ஜூஸை மெதுவாகக் குடித்தாள்.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்த முதல் நாளே மார்க்கெட்டில் சிக்கிக்கொண்டது. மத்தியான வெயில். முன்னால் வெங்காய லாரி ஒன்று குறுக்கே நின்றது. மலர்க்கொடி சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் நடுவைத் தாண்டி ஏறியது. ஒரு ஃபேன் மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் ஏறியது. அவள் கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள். இரண்டு ஃபேன்களும் முழு வேகத்தில் எழுந்தன. கொஞ்ச நேரத்தில் முள் இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாததால், "ம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லோடு இறங்கியதும் பட்டறைக்கே திருப்பினாள். இம்தியாஸ் சூட்டை அளக்கும் சென்சாரைக் கீழ்க் குழாயில் பொருத்தியிருந்தான். ரேடியேட்டரில் ஆறிய தண்ணீர் இன்ஜினுக்குத் திரும்பும் குழாய் அது. ஆறிய தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கன்ட்ரோலர் எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது.

"சூடு வெளில வர்ற மேல் குழாய்ல வெச்சிருக்கணும். நான் சொன்னேன்ல" என்றாள் ரிஃபானா கணவனிடம்.

"சொன்ன. அங்க எடம் இல்லன்னு பாத்தேன்" என்றான் அவன். இருவரும் சேர்ந்து குனிந்து, முணுமுணுவென்று சண்டை போட்டுக்கொண்டே அதை மாற்றினார்கள். ஒருவர் கேட்பதற்கு முன்பே இன்னொருவர் கை கருவியை நீட்டியது. மலர்க்கொடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பார்க்காமல் வெளியே வந்து நின்றாள்.

அதற்குப் பிறகு முள் நடுவை விட்டு நகரவில்லை. மார்க்கெட்டிலும் சரி, பாலத்திலும் சரி. பழைய ஃபேன் இன்ஜினோடு சேர்ந்து எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். இப்போது ரோட்டில் ஓடும்போது ஃபேன் பெரும்பாலும் நின்றே இருந்தது. கேபினில் இத்தனை அமைதி அவளுக்குப் பழக்கமில்லை. வாழைச்சருகு உரசுவது கேட்டது. தன்னுடைய வளையல் ஸ்டியரிங்கில் படுவது கேட்டது. ரேடியோ ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுரேஷ்குமாருக்குச் சொல்ல வேண்டும் என்பது மனதில் இருந்தது. எப்படிச் சொல்வது என்று வண்டி ஓட்டும்போது பேசிப் பார்ப்பாள். நீங்கள் சொன்னதைப் போடவில்லை என்று ஆரம்பிப்பதா, நீங்கள் பயந்ததற்கு ஒரு சுவிட்ச் போட்டிருக்கிறேன் என்று ஆரம்பிப்பதா. நாள் தள்ளிப்போனது.

ஒருநாள் பெட்டவாய்த்தலையில் லோடு. தோட்டத்துக்காரர் வெட்டு ஆட்கள் வர நேரமாகும், மெதுவாக வாருங்கள் என்று சொல்லிவிட்டார். அவள் ஜீயபுரத்தைத் தாண்டிவிட்டிருந்தாள். ரோட்டோரம் நிழலாகப் பார்த்து நிறுத்தினாள். அப்போது போன் அடித்தது. அவன்தான்.

"என்ன மலரு, சொல்றேன்னியே. என்ன போட்ட?"

"ரெண்டு ஃபேனுங்க. கன்ட்ரோலர் வெச்சு."

அவன் ஏதாவது சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னு தனியா ஒரு சுவிட்சும் போட்டேன். மொத நாளே அதுதான் காப்பாத்திச்சு."

"அப்படியா." அவன் குரல் கொஞ்சம் இளகியது. "சூடு ஏறுதா?"

"இல்லீங்க. நடுவுலயே நிக்குது."

"அப்ப சரி. அப்ப நல்லதுதான்." பிறகு, அவள் கேட்காமலே சொன்னான். "நான் இப்ப ஓட்டறதில்ல. முதுகு போச்சு. இங்க ஒரு எடைமேடைல உக்காந்திருக்கேன். எவனெவன் வண்டியோ வருது, போவுது."

"உடம்பப் பாத்துக்குங்க."

"ம். ஒன்னு பண்ணுறியா? வண்டிய ஸ்டார்ட் பண்ணி போனக் கிட்ட வையி. ரொம்ப நாளாச்சு கேட்டு."

அவள் சாவியைத் திருப்பினாள். போனை இன்ஜின் பெட்டியின் மேல் வைத்தாள். வண்டி சீராக ஓடியது. கொஞ்ச நேரம் கழித்துப் போனைக் காதில் வைத்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஆனா நம்ம வண்டி மாதிரி இல்லையே. அந்த எரைச்சல் இல்ல. வேற யார் வண்டியோ மாதிரி இருக்கு."

"ஃபேனு நிக்குதுங்க. சூடானாத்தான் ஓடும்."

"ஆமால்ல" என்றான். கேட்பதற்கு அவனிடம் இன்னும் ஏதாவது இருக்கும் என்று அவள் காத்திருந்தாள். சொல்வதற்குத் தன்னிடம் ஏதாவது இருக்கிறதா என்றும் தேடினாள். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை.

"சரி மலரு. வைக்கறேன். லோடு வண்டி ஒன்னு வருது."

"சரிங்க."

இன்ஜினை அணைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. நேரம் நிறைய இருந்தது. முக்கொம்பு அணைப் பூங்காவுக்குத் திரும்பும் வளைவு பக்கத்தில்தான். இத்தனை வருஷம் அந்த வழியாகப் போய் வந்தும் உள்ளே போனதில்லை. வண்டியை மரத்தடியில் விட்டுவிட்டு நடந்தாள்.

டிக்கெட் கொடுப்பவர் தலையை நிமிர்த்தாமல், "எத்தன பேரு?" என்றார்.

"ஒரு ஆளுங்க."

அவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றும் பார்த்தார். பிறகு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உள்ளே மரங்களின் அடியில் குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தன. மீன் வறுக்கும் வாசனை வந்தது. அவள் இலையில் ஒரு துண்டு வாங்கி, தண்ணீர் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். மீன் நன்றாக இருந்தது. இன்னொரு துண்டு வாங்கினாள்.

"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர முடியுமா?"

இளம் பெண் ஒருத்தி போனை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் கணவன், மாமனார், மாமியார், இரண்டு குழந்தைகள். மலர்க்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். போனைப் பிடித்துப் பார்த்தாள். மாமியார் ஓரத்தில் பாதிதான் தெரிந்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் உள்ள வாங்க. சார், பாப்பாவத் தூக்கிக்குங்க. இன்னும் நெருங்கி நில்லுங்க" என்றாள். அவர்கள் சிரித்துக்கொண்டே நெருங்கினார்கள். இரண்டு மூன்று படம் எடுத்தாள். குழந்தை கண்ணை மூடிவிட்டதால் இன்னொன்றும் எடுத்தாள்.

அந்தப் பெண் போனை வாங்கிப் பார்த்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்குக்கா. நீங்க யார்கூட வந்தீங்க?"

"வேலையா இந்தப் பக்கம் வந்தேன்" என்றாள் மலர்க்கொடி.

தோட்டத்துக்காரரிடமிருந்து அழைப்பு வந்தது. ஆட்கள் வந்துவிட்டார்கள், வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அவள் இலையைக் குப்பைத் தொட்டியில் போட்டு, குழாயில் கை கழுவிக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தாள்.